மார்கழிக்கு முன் ஒரு முடிவு: கச்சேரியா, ரசனை வகுப்பா?

கார்த்திகை மாதம் பாதியைத் தாண்டியதும் சென்னையில் மயிலாப்பூரிலும் ஆழ்வார்பேட்டையிலும் தியாகராய நகரிலும், மார்கழி சீசனில் கர்நாடக இசைக் கச்சேரிகளை நடத்தும் சபாக்களின் நிகழ்ச்சி நிரல்கள் கைக்குக் கை மாறத் தொடங்கிவிடும். என்னுடன் 20 ஆண்டுகளுக்கு மேல் ஒரே அலுவலகத்தில் பணியாற்றி, அண்மையில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அப்படி ஒரு நிரலைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். திரைப்பாடல்களிலும் கோயில் நாகசுரத்திலும் ஊறிய காது அவருடையது. ஆனால் ராகம், தாளம் என்று முறையாக எதையும் கற்றவர் அல்லர். "இந்த வருஷம் ஒரு பெரிய சபாவில் சீசன் டிக்கெட் வாங்கிவிடலாமா, இல்லை முதலில் எங்காவது ரசனை வகுப்பில் சேர்ந்து நாலு விஷயம் தெரிந்துகொண்டு அடுத்த வருஷம் போகலாமா? ஒன்றும் புரியாமல் போய் உட்கார்ந்தால் தூக்கம்தானே வரும்?" என்று கேட்டார். இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க ஓய்வூதியம் இடம் கொடுக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். இரண்டில் எது முதலில் என்ற கேள்விக்கு என் விடை, அவர் எதிர்பார்த்த இரண்டுமே அல்ல. சீசன் டிக்கெட் இந்த ஆண்டு வேண்டாம். வகுப்பும் இப்போது வேண்டாம். டிசம்பரில் கட்டணமில்லாத மதியக் கச்சேரிகள் பத்தினைக் கேட்பது, அதன் பிறகு வகுப்பில் சேர்வது, அதற்கும் பிறகு சீசன் டிக்கெட் வாங்குவது என்ற வரிசைதான் முறையான பயிற்சி இல்லாத ஒரு நடுவயதுக்காரருக்கோ ஓய்வு பெற்றவருக்கோ பொருத்தமானது என்று கருதுகிறேன். காரணம் எளிது. ரசனை வகுப்பில் சொல்லித் தரப்படுவன எல்லாம் விடைகள். அவற்றுக்குரிய கேள்விகள் கச்சேரியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எழும். கேள்வி எழாதவர் அந்த விடைகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார், அடுத்த மாதம் மறந்துவிடுவார். நானே அப்படி மறந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

பெரிய சபாவின் சீசன் டிக்கெட்டிலிருந்து தொடங்கலாம். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதனுடன் சேர்ந்து நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி பிறந்தது, டி.டி.கே. சாலையில் உள்ள அதன் அரங்கம் 1962இல் திறக்கப்பட்டது. அங்கே வழக்கமாக டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை இசை விழா நடைபெறுகிறது. கடைசி நாளான ஜனவரி முதல் தேதியன்று சதஸ் எனப்படும் விருதளிப்பு அவை கூடி சங்கீத கலாநிதி உள்ளிட்ட விருதுகள் வழங்கப்படுகின்றன. சீசன் டிக்கெட் வாங்கியவருக்கு விழா முழுவதும் ஒரே இருக்கை உறுதி. நாட்டின் முதன்மையான கலைஞர்களை அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பும் கிடைக்கும். பல ஆண்டுகள் கேட்டுப் பழகியவருக்கு இதைவிடச் சிறந்த செலவு இல்லை. ஆனால் புதிதாக வருபவருக்கு அதே அடர்த்தி சுமையாகிவிடுகிறது. நான்கு மணிக்கு ஒருவர், ஏழு மணிக்கு இன்னொருவர் என்று இரண்டு வாரங்கள் தொடர்ந்து கேட்டால், ஐந்தாம் நாளில் தோடி ராகமும் பைரவி ராகமும் காதில் ஒன்றாகக் கரைந்து, இன்றைக்கு என்ன கேட்டோம் என்பதே நினைவில் நிற்காது. பணம் கொடுத்துவிட்டோமே என்பதற்காக எழுந்து வராமல் உட்கார்ந்திருக்கும் நிலை இசைக்கும் நல்லதல்ல, முதுகுக்கும் நல்லதல்ல. இருக்கை பின்வரிசையில் அமைந்துவிட்டால் காதில் விழுவது பெரும்பாலும் ஒலிபெருக்கியின் குரல்தான். வயலின் வித்வான் பாடகரின் முகத்தைப் பார்த்து வில்லை நிறுத்தும் அந்தக் கணம் அங்கிருந்து தெரியாது.

மாலைக் கச்சேரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளுக்கான சீட்டு வாங்கி, அந்தப் பருவத்தில் ஒன்றோ இரண்டோ கேட்பதில் தவறில்லை. ஒருவர் ஒரு ராகத்தை அரை மணி நேரம் விரித்துப் பாட, அரங்கம் முழுவதும் மூச்சடக்கிக் கேட்டுவிட்டுப் பிறகு ஒரே நேரத்தில் பெருமூச்சுடன் அசையும் அனுபவம் காலி நாற்காலிகளுக்கு நடுவே கிடைக்காது. இருப்பினும் அந்த இரண்டும் விழாவின் இறுதி நாட்களில் இருக்கட்டும் என்பதே என் யோசனை.

இனி மதியக் கச்சேரிகள். பெரும்பாலான சபாக்களில் நண்பகலையொட்டிய நேரம் இளம் கலைஞர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. பெரும்பாலும் கட்டணம் கிடையாது. இன்று மாலையில் பாடுபவர்களில் பலர் ஒரு காலத்தில் அதே மதிய வேளையில், 30 பேர் மட்டுமே அமர்ந்திருந்த அரங்கில் பாடி மேலே வந்தவர்கள்தாம். 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா முதல், நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப் எனப் பட்டியல் நீளம். இவற்றில் பல திருமயிலை, மந்தைவெளி ரயில் நிலையங்களிலிருந்து நடந்தோ, ஒரு சிறு ஆட்டோ பயணத்திலோ அடையக்கூடிய தொலைவிலேயே நிகழ்ச்சிகளை நடத்துகின்றன. முழங்கால் வலி உள்ளவருக்கும், மெட்ரோ பணிகளால் தோண்டிப்போட்ட சாலைகளில் மாலை நேர நெரிசலை அஞ்சுபவருக்கும் இது சிறிய வசதி அல்ல.

புதியவருக்கு மதியக் கச்சேரி ஏற்றது என்று நான் சொல்வதற்குக் கட்டணமின்மை முதற்காரணம் அல்ல. இளம் கலைஞருக்குக் கிடைக்கும் நேரம் ஒன்றரை முதல் இரண்டு மணி வரைதான். ஆகவே, அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரிப் பத்ததியை, அதாவது உருப்படிகளின் வரிசைமுறையை, அவர் சுருக்கமாக, ஆனால் ஒழுங்கு மாறாமல் கடைப்பிடிப்பார்: முதலில் வர்ணம், பிறகு சிறிய கீர்த்தனைகள் இரண்டு மூன்று, நடுவில் ராக ஆலாபனை (பாட்டுக்கு முன் ராகத்தை விரித்தல்), நிரவல் (பாட்டின் ஒரு வரியைப் பலவிதமாகப் பாடுதல்), கல்பனாஸ்வரம் (ஸ்வரங்களைக் கற்பனையாக அடுக்குதல்), தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் தனித்து வாசிக்கும் பகுதி) அனைத்தும் அமைந்த பிரதான உருப்படி, இறுதியில் துக்கடாக்கள் எனப்படும் சிறு பாடல்களும் மங்களமும். பெரிய வித்வான்கள் இந்த ஒழுங்கைத் தம் மனப்போக்கிற்கேற்ப வளைப்பார்கள். வளைவை ரசிக்க முதலில் நேர்கோடு தெரிந்திருக்க வேண்டும். பத்து மதியக் கச்சேரிகள் அந்த நேர்கோட்டைக் காதில் பதித்துவிடும். இது எந்தப் புத்தகத்தாலும் ஆகாத காரியம்.

இரண்டாவது காரணம், முன்வரிசை. மதியத்தில் எங்கு வேண்டுமானாலும் அமரலாம். என் நண்பருக்கு நான் சொன்னது: மேடைக்கு அருகே, ஆனால் மேடையைப் பார்த்தபடி அல்ல, தாளம் போடும் முதியவர் ஒருவரின் கை தெரியும்படி உட்காருங்கள். அத்தகைய ஒருவர் ஒவ்வொரு அரங்கிலும் இருப்பார். அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று எண்ணி, பிறகு ஒரு தட்டும் ஒரு வீச்சும், மீண்டும் ஒரு தட்டும் ஒரு வீச்சும் போட்டால் அது ஆதி தாளம். மொத்தம் எட்டு எண்ணிக்கை. அவருடன் சேர்ந்து நீங்களும் மெல்லப் போடுங்கள். முதல் நாள் தவறும். பாட்டு எடுக்கும் இடம் தட்டில் விழாமல் சற்றுத் தள்ளி விழும்போது குழப்பம் வரும். நான்காம் நாளில் கை தானாக நிலைக்கும். ராகம் தெரியவில்லையே என்று கவலைப்படுபவர்கள் பெரும்பாலோர் உண்மையில் தாளம் தெரியாததால்தான் கச்சேரிக்கு வெளியே நிற்கிறார்கள் என்பது என் அனுபவம். கையில் தாளம் வந்தவருக்குத் தூக்கமும் வராது.

இதே காரணத்தால், தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் கேண்டீனை நோக்கி எழும் கூட்டத்துடன் சேர வேண்டாம் என்றும் அவரைக் கேட்டுக்கொண்டேன். சபா கேண்டீன்களின் அடையையும் காப்பியையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். அவை மார்கழியின் ஓர் அங்கம். ஆயினும் மிருதங்கக் கலைஞர் இரண்டு மணி நேரம் பிறருக்காக வாசித்துவிட்டுத் தமக்கென்று பெறும் அந்தப் பத்து நிமிடத்தில் முதுகைக் காட்டுவது நாகரிகமன்று. மேலும், தாளத்தின் ஒலிச்சொற்களான சொற்கட்டுகளைக் கேட்டுப் பழகச் சிறந்த இடமும் அதுவே. நான்கு எண்ணிக்கைக்குத் தகதிமி, மூன்றுக்குத் தகிட, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி என்ற அளவு தெரிந்தாலே போதும், தனியில் நடப்பது வெறும் ஓசை அன்று, ஒரு கணக்கு என்பது விளங்கத் தொடங்கும்.

மதியக் கச்சேரிக்குக் குறைகளே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். சில கலைஞர்களிடம் குருவிடம் கற்ற பாடாந்தரம் இருக்கும், சொந்தக் கற்பனையான மனோதர்மம் இன்னும் முதிர்ந்திருக்காது. கல்பனாஸ்வரம் மனப்பாடமாக வருவது கேட்பவருக்கே தெரிந்துவிடும். சில அரங்குகளில் ஒலியமைப்பு இரைச்சலாக இருக்கும். உச்சிவேளை உணவுக்குப் பிறகு தாலாட்டுக்குரிய நீலாம்பரி ராகம் கேட்க நேர்ந்தால் யார்தான் என்ன செய்ய முடியும். எனினும் இவை புதிய காதைக் கெடுக்கும் குறைகள் அல்ல. ஒரே ராகத்தை வெவ்வேறு நிலையில் உள்ள மூன்று கலைஞர்களிடம் கேட்பவருக்கு முதிர்ச்சி என்றால் என்ன என்பதும் சேர்ந்தே புரியும்.

இப்போது ரசனை வகுப்புக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒன்றில் சேர்ந்தேன். எட்டு வாரம், வாரம் ஒரு மாலை. முதல் நாளே மேளகர்த்தா எனப்படும் 72 தாய் ராகங்களின் அட்டவணை பலகையில் ஏறியது. எழுத்துகளுக்கு எண் மதிப்புத் தரும் கடபயாதி முறைப்படி, ராகத்தின் மேளப் பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்துகளிலிருந்து மேளத்தின் எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி என்று மூன்று வாரங்கள் கற்றோம். சங்கராபரணம் 29, கல்யாணி 65 என்று இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த எட்டு வாரங்களும் முடிந்த பிறகு அரங்கில் யாரேனும் சங்கராபரணம் பாடினால் அது சங்கராபரணம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் நல்ல அறிஞர். குற்றம் அவருடையது மட்டுமன்று. என் காதில் எந்த ஒலியும் இல்லாதபோது அவர் பெயர்களையும் எண்களையும் அடுக்கினார், நானும் அதையே கல்வி என்று நம்பிக் கட்டணம் செலுத்தினேன்.

அதே வகுப்பு, பத்துக் கச்சேரிகளுக்குப் பிறகு, சரியான ஆசிரியரிடம் அமைந்தால் எவ்வளவு பயன் தரும் என்பதையும் பின்னாளில் கண்டேன். கச்சேரியால் ஒருபோதும் செய்ய முடியாத ஒரு காரியத்தை வகுப்பு செய்யும். கச்சேரியில் பாடகர்கள் ஒன்றுபோல ஒலிக்கும் ராகங்களை அடுத்தடுத்துப் பாட மாட்டார்கள். வேறுபாடு இருக்க வேண்டும் என்பதற்காகவே ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் ராகங்களைத் தேர்ந்து நிரலை அமைப்பார்கள். ஆகவே, மோகனத்தையும் ஹம்ஸத்வனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும் வாய்ப்பு அரங்கில் கிட்டாது. வகுப்பில் ஆசிரியர் இரண்டையும் பாடிக் காட்டலாம்: ஸ, ரி, க, ப என்ற நான்கு ஸ்வரங்கள் இரண்டுக்கும் பொது, ஐந்தாவதாகத் தைவதம் (த) வந்தால் மோகனம், நிஷாதம் (நி) வந்தால் ஹம்ஸத்வனி. ஒரே ஒரு ஸ்வரத்தின் மாற்றத்தில் ராகத்தின் முகமே மாறுவதை அருகருகே கேட்டவர் அதை மறப்பதில்லை. சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் மத்தியமம் (ம) மட்டுமே வேறு. சங்கராபரணத்துக்கும் ஹரிகாம்போதிக்கும் நிஷாதம் மட்டுமே வேறு. இத்தகைய ஜோடிகளைப் பாடிக் காட்டுவதில் செலவழியும் ஒரு மாலை, அட்டவணையில் செலவழியும் ஒரு மாதத்தைவிட மேலானது.

ஆகவே வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தில் உள்ள பாடத்திட்டத்தைவிட வேறு சிலவற்றை விசாரிக்க வேண்டும். ஆசிரியர் பாடியோ வாசித்தோ காட்டுவாரா, அல்லது பேசுவாரா? மாணவர்களைத் தாளம் போட வைப்பாரா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? பழைய மேதைகளின் ஒலிப்பதிவுகளை முழுமையாகப் போட்டுக் கேட்கவைப்பாரா, அல்லது துண்டுகளை மட்டும் காட்டி நகர்ந்துவிடுவாரா? முதல் வகுப்பைக் கட்டணமின்றிப் பார்க்க அனுமதித்தால், கதவருகே அமர்ந்து கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 20 நிமிடமாவது இசை ஒலிக்கவில்லை என்றால் அந்த வகுப்பு வேண்டாம். திரைப்பாடல்களைக் கொண்டு ராகத்தை அறிமுகப்படுத்தும் வகுப்புகளை நண்பர்கள் சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அந்த எண்ணம் இல்லை. தெரிந்த பாட்டிலிருந்து தெரியாத ஆலாபனைக்குப் போவது இயல்பான வழி. ஆனால் ராகத்தின் ஒரு சாயலைத்தான் பல திரைப்பாடல்கள் காட்டும் என்பதை ஆசிரியர் சொல்லியாக வேண்டும்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். டிசம்பரில் வகுப்பு எடுக்கக்கூடிய நல்ல கலைஞர்கள் எல்லாரும் மேடையிலோ ஒத்திகையிலோ இருப்பார்கள். சீசனுக்கு முன்னதாக அவசரமாக முடித்துத் தரும் இரண்டு நாள் பட்டறைகளைவிட, தை பிறந்த பிறகு நிதானமாகத் தொடங்கும் வகுப்பே புதியவருக்கு ஏற்றது.

பணம் செலவழிக்காமல் வகுப்பின் பயனைப் பெற வேறு சில வழிகளும் உண்டு; இவற்றை வேகமாகக் கடக்கிறேன். மியூசிக் அகாதெமியில் விழாக்காலக் காலை வேளையில் நடக்கும் விரிவுரையும் செயல்விளக்கமும் அனைவருக்கும் திறந்தவை. அங்கே பேசப்படும் பொருள் பெரும்பாலும் ஆய்வாளருக்கும் கலைஞருக்கும் உரியது. புதியவர் இரண்டு நாட்கள் போய்ப் பார்க்கலாம், புரியாததற்காக வருந்த வேண்டியதில்லை. அதே வளாகத்தில் உள்ள டிஜிட்டல் ஒலிப்பதிவுக் காப்பகத்தில் பழைய கச்சேரிகளைக் ஹெட்ஃபோனுடன் அமர்ந்து கேட்க முடியும். சீசன் முடிந்து நகரம் அடங்கிய பிறகு அங்கே செல்வது நல்லது. மைய அரசின் ஸ்வயம் தளத்தில் சென்னை ஐ.ஐ.டி. வழியாகக் கர்நாடக இசை ரசனை குறித்த பாடம் ஒன்று உள்ளது; கேட்பதற்குக் கட்டணம் இல்லை, தேர்வெழுதிச் சான்றிதழ் பெறத்தான் கட்டணம். ஆங்கிலத்தில் நடத்தப்படுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். திரையில் கேட்பதன் பெரிய நன்மை, புரியாத இடத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது; பெரிய தீமை, நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து போகலாம் என்பது.

நண்பர் எழுப்பிய இன்னொரு தயக்கத்துக்கு இதைவிட நீண்ட விடை தேவைப்பட்டது. "தெலுங்கும் சமஸ்கிருதமும் எனக்குத் தெரியாது, பொருள் புரியாமல் என்ன கேட்பது?" என்றார். இந்தக் கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று; 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்ததற்கே இதுதான் அடிப்படை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. உயர் நீதிமன்றத்துக்கு அருகே உள்ள ராஜா அண்ணாமலை மன்றத்தில் ஆண்டுதோறும் டிசம்பரில் அதன் இசை விழாவும், அதனுடன் பண்களை, அதாவது பழந்தமிழ் ராகங்களை, ஆராயும் பண் ஆராய்ச்சி மாநாடும் நடைபெறுகின்றன. முத்துத் தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் ஆகியோரின் பாடல்களைத் துக்கடா நேரத்தில் அல்லாமல் கச்சேரியின் நடுப்பகுதியில் கேட்க வேண்டுமானால் அங்கே செல்ல வேண்டும். சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இசைக்குள் நுழைய முடியும் என்ற இயல்புடையவர்கள், மயிலாப்பூர் வட்டாரத்தை விட்டு, மெட்ரோ ஏறி, உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கிவிடுவதே நல்லது என்பேன். என் நண்பர் அத்தகையவர். ஆகவே அவருடைய பத்தில் நான்கை அங்கே ஒதுக்கச் சொன்னேன்.

பண் ஆராய்ச்சி மாநாட்டில் ஓதுவார்கள் பாடுவதைக் கேட்பது, ராகம் என்ற சொல்லுக்கு அஞ்சும் தமிழருக்கு ஒரு நல்ல மருந்து. தேவாரத்தில் பழம்பஞ்சுரப் பண் என்று குறிக்கப்பட்டதை இன்று சங்கராபரணத்தில் பாடுகிறார்கள். தக்கேசி காம்போதியாகவும், கௌசிகம் பைரவியாகவும், செந்துருத்தி மத்தியமாவதியாகவும் பாடப்படுகின்றன. திருஞானசம்பந்தர் மயிலையில் பாடிய பூம்பாவைப் பதிகம் சீகாமரப் பண்ணைச் சேர்ந்தது. இன்று அது நாதநாமக்கிரியையில் ஒலிக்கிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம் என்று மயிலையின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைக் காணாமல் போவாயோ என்று இறந்துபோன பெண்ணைக் கேட்கும் பதிகம் அது. மயிலாப்பூரின் முதல் சீசன் நிரல் அதுதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கேட்பதை விட்டுவிட்டு நேரடியாகப் பாடக் கற்பது நான்காவது வழி. சிலருக்கு அதுவே சிறந்த வழியாக அமைந்துவிடுகிறது. அரசு நடத்தும் மாவட்ட இசைப் பள்ளிகள் குறைந்த கட்டணத்தில் குரலிசை, வயலின், மிருதங்கம், நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் ஆகியவற்றைக் கற்பித்தாலும், அங்கே சேர்வதற்கு 12 முதல் 25 வரை என்று வயது வரம்பு உள்ளதால் நம் வயதினருக்குக் கதவு மூடியிருக்கிறது. அகாதெமியின் உயர்நிலை இசைப் பள்ளி, ஏற்கெனவே நன்றாகப் பாடக்கூடிய இளையவர்களைக் கச்சேரிக்கு ஆயத்தப்படுத்துவது. தமிழ் இசைச் சங்கத்தின் தமிழ் இசைக் கல்லூரி மாலை வேளையில் வகுப்புகள் நடத்துகிறது. சேர்க்கை நிபந்தனைகளை நேரில் போய்க் கேட்பது நல்லது. மற்றபடி, தெருவுக்கு ஒருவர் என்று சொல்லும் அளவுக்குச் சென்னையில் பாட்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

பாடக் கற்பதில் தயக்கம் வேண்டியது குரல் பற்றி அன்று, பொறுமை பற்றியே. புரந்தரதாசர் வகுத்ததாகக் கூறப்படும் வரிசைப்படி மாயாமாளவகௌளை ராகத்தில் ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எனத் தொடங்கிக் கீதம், ஸ்வரஜதி வழியாக வர்ணத்தை எட்டுவதற்கு, வாரம் ஒரு வகுப்பும் தினமும் அரை மணிப் பயிற்சியும் இருந்தாலும் வயது வந்தவருக்குச் சில ஆண்டுகள் ஆகும். எட்டு வயதுக் குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து ஸரளி வரிசை பாடுவதில் கூச்சப்படுபவர் முதல் மாதத்திலேயே நின்றுவிடுவார். கூச்சம் இல்லாதவருக்கு மட்டும், ஒரே ஒரு வர்ணத்தைக் கற்று முடித்த நாளிலிருந்து எல்லாக் கச்சேரிகளின் முதல் பத்து நிமிடமும் வேறு விதமாகக் கேட்கும். இது ரசனை வகுப்பு தரக்கூடியதைவிட ஆழமானது. செலவும் காலமும் அதற்கேற்ப அதிகம். என் நண்பரின் இயல்பை நான் அறிவேன். அவர் வீட்டில் ஹார்மோனியம் ஒன்று 15 ஆண்டுகளாகத் துணி மூடிக் கிடக்கிறது. அதனால் இந்த வழியை அவருக்கு நான் பரிந்துரைக்கவில்லை.

எல்லாவற்றையும் எடைபோட்ட பின் அவருக்காக நாங்கள் இருவரும் சேர்ந்து போட்ட கணக்கு இது. டிசம்பர் 15க்கும் ஜனவரி 1க்கும் இடையே ஆறு மதியக் கச்சேரிகள் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை வட்டாரத்தில். நான்கு நிகழ்ச்சிகள் ராஜா அண்ணாமலை மன்றத்தில். தொடர்ந்து மூன்று நாட்கள் கேட்டால் நான்காம் நாள் ஓய்வு. ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு ராகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, வீடு திரும்பியதும் அதே ராகத்தில் அமைந்த வேறொரு பாட்டை ஒலிப்பதிவில் கேட்பது; இரண்டாவது ராகத்துக்கு ஆசைப்படக் கூடாது. விழாவின் கடைசி வாரத்தில் அவருக்குப் பிடித்த ஒருவரின் மாலைக் கச்சேரிக்கு ஒரு நாள் சீட்டு. தை மாதம் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கும்போது, தேய்பிறை ஐந்தாம் நாளான பகுள பஞ்சமியன்று நேரடியாக ஒளிபரப்பாகும் பஞ்சரத்தின கீர்த்தனைகளைத் தொலைக்காட்சி முன் அமர்ந்து கேட்பது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்தும் ஐந்து ராகங்கள், ஆனால் ஐந்தும் ஆதி தாளம். ஆகவே அந்த நேரம் முழுவதும் கை தவறாமல் தாளம் போட முடிகிறதா என்று வீட்டிலேயே, யாரும் பார்க்காமல், சோதித்துக்கொள்ளலாம். முடிந்தால் பிப்ரவரியில் ஒரு ரசனை வகுப்பு. அதற்குள் அவர் குறிப்பேட்டில் குறைந்தது பத்துக் கேள்விகளாவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

வகுப்பு முடியும் சமயத்தில் பங்குனிப் பெருவிழாவுக்குக் கபாலீசுவரர் புறப்பட்டு வருவார். மாட வீதிகளில் தவிலும் நாகசுரமும் சுவாமி புறப்பாட்டுக்குரிய மல்லாரியை எடுக்கும்போது அது கம்பீர நாட்டை என்று அவர் காது தானாகச் சொல்கிறதா என்பதைப் பார்க்கலாம் என்றேன். சீசன் டிக்கெட்டுக்கென்று எடுத்துவைத்திருந்த பணத்தை என்ன செய்வது என்று கேட்டார். வகுப்புக் கட்டணத்துக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் மதியக் கச்சேரிகளுக்குப் போய்வர ஆட்டோவுக்கும், தனி ஆவர்த்தனம் முடிந்த பிறகு கேண்டீனுக்கும் செலவழிக்கச் சொல்லியிருக்கிறேன்.